அங்கோரில் இரண்டரை நாள்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் பள்ளி வேலை பிடித்துப்போய்விட்டது, பிள்ளைகள் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. டிசம்பரில் வெள்ளி, சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் லீவு வருகிறது, கூட இருக்கும் மூன்று பேரும் தயார், பழைய கோயில்கள் நிறைந்த அங்கோரில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அங்கே எந்த நேரத்தில் எந்தக் கோயில் வாசலில் நிற்கிறாய் என்பதுதான் பாதி விஷயம். அதனால் நேரக் கணக்கோடு எழுதுகிறேன்.

முதலில் பயணம். புனோம் பென்னிலிருந்து அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப் 6-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பஸ்ஸில் ஆறு மணி நேரம், வேனில் கொஞ்சம் குறைவு. வியாழன் இரவே படுக்கை பஸ்ஸில் ஏறினால் ஒரு நாள் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. அந்த பஸ்களில் படுக்கை பெரும்பாலும் இரண்டு பேருக்கு ஒன்று. தனியாக டிக்கெட் எடுத்தால் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் படுப்பார். அதைவிட, தூங்காத உடம்போடு விடிகாலையில் இறங்கினால் அன்றைய வெயிலைத் தாங்க முடியாது. வெள்ளி காலை ஏழு மணி வண்டியில் கிளம்புங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விடலாம்.

கோயில்களைப் பார்ப்பதற்கான டிக்கெட்டை வெள்ளி மாலையே வாங்கிவிடு. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். டிக்கெட் அலுவலகம் கோயில் வாசலில் கிடையாது. ஊருக்குள்ளிருந்து சுமார் 4 கிலோமீட்டரில், தனிச் சாலையில் இருக்கிறது. காலை 5 மணிக்குத் திறந்து மாலை ஐந்தரைக்கு மூடுவார்கள். மாலை ஐந்து மணி வாக்கில் வாங்கும் டிக்கெட் மறுநாளிலிருந்துதான் கணக்கு. ஆனால் அன்றைய சூரிய அஸ்தமனத்துக்கு உள்ளே விடுவார்கள். அதாவது ஒரு மாலை இலவசம். அந்த மாலைக்கு எல்லோரும் புனோம் பாக்கெங் குன்றுக்கு ஓடுவார்கள். மேலே ஒரே நேரத்தில் 300 பேருக்குத்தான் அனுமதி, அதனால் வரிசையிலேயே சூரியன் இறங்கிவிடும். நீங்கள் ப்ரே ரூப் போங்கள். மலைபோல் அடுக்கடுக்காக எழுப்பிய செங்கல் கோயில், மேல்தளத்திலிருந்து சுற்றிலும் காடும் வயலும் தெரியும்.

விலை: ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. இரண்டு நாளுக்கென்று தனி டிக்கெட் இல்லை. இரண்டு ஒரு நாள் டிக்கெட் எடுத்தால் 74 ஆகிறது, ஆகவே மூன்று நாள் டிக்கெட்டே லாபம். அதைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். கவுன்டரில் உன் முகத்தைப் படம் பிடித்து டிக்கெட்டிலேயே அச்சடிப்பார்கள், எனவே நான்கு பேரும் நேரில் போக வேண்டும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது. விலை கூடுதல் என்று உன் நண்பர்கள் முணுமுணுத்தால் இதைச் சொல்.

சனிக்கிழமை அங்கோர் வாட். டிசம்பரில் சூரியன் ஆறேகால் வாக்கில்தான் எழும், ஐந்தேகாலுக்கு அங்கே இருந்தால் போதும். கோயில் மேற்கு பார்த்தது. ஆகவே காலையில் கோபுரங்களின் நிழல் வடிவம்தான் கிடைக்கும். கல்லின் நிறமும் செதுக்கலும் துலங்கும் முகப்புப் படம் வேண்டுமானால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வர வேண்டும். இடப்பக்கக் குளத்தருகே கூட்டம் முண்டியடிக்கும். சூரியன் மேலே வந்ததும் பாதிப் பேர் காலைச் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். ரொட்டியும் வாழைப்பழமும் பையில் இருக்கட்டும். ஆறரையிலிருந்து எட்டரை வரை அந்தக் கோயில் கிட்டத்தட்ட உங்களுடையது.

அந்த இரண்டு மணி நேரத்தைச் சுவர்ச் சிற்பங்களுக்குக் கொடு. மேற்கு வாசலில் நுழைந்ததும் வலப்பக்கம், அதாவது தெற்கே திரும்பு. முதலில் குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடப்பதைத் தேடிப் பார். மூலை திரும்பினால் கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் ஊர்வலம், அதை அடுத்து யமனும் சித்திரகுப்தனும் தீர்ப்புச் சொல்லும் சுவர்; 37 சொர்க்கம், 32 நரகம். அடுத்த மூலை கடந்தால் கிழக்குச் சுவரில் பாற்கடல் கடைதல், ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். நடுவில் ஆமைமேல் மத்து, திருமால். இடப்பக்கம் அசுரர், வலப்பக்கம் தேவர். இந்தச் சுற்று நாம் கோயிலில் வலம் வருவதற்கு நேர் எதிர் என்பதைக் கவனித்திருப்பாய். சுவர் இடக்கைப் பக்கம் வரும். இது மன்னனின் ஈமக் கோயிலாக எழுந்திருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்வதற்கு, மேற்கு பார்த்த வாசலோடு இந்தத் திசையும் ஒரு காரணம். சிற்பத்தைக் கையால் தொடாதீர்கள். பல இடங்களில் மணற்கல் கண்ணாடிபோல் பளபளப்பது விரல்களின் எண்ணெயும் உரசலும் ஏறித்தான். அந்த இடங்களில் உளி வரி தேய்ந்து போயிருக்கும்.

மேல்தளத்துக்கு, பாக்கான் என்பார்கள், காலை 6.40-க்கு விட ஆரம்பிப்பார்கள். ஒரு நேரத்தில் சுமார் 100 பேர்தான், எட்டரைக்கு மேல் வரிசை நீளும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். கையில்லாத பனியனுக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னொரு விஷயம்: மாதத்தில் நான்கு பௌத்தப் புனித நாட்களில் மேல்தளம் மூடியிருக்கும். பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அஷ்டமி. நம் நாட்காட்டியைப் புரட்டினாலே தெரிந்துவிடும். ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம், அதனால் டிக்கெட் கவுன்டரிலும் கேட்டுக்கொள். நீ போகும் சனிக்கிழமை அஷ்டமியாக இருந்தால் ஞாயிறையும் சனியையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்குப் பாயோன் கோயில். ஏழாம் ஜெயவர்மன் கட்டியது, கோபுரங்களில் செதுக்கிய பெரிய கல் முகங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெளிச்சுற்றுச் சுவரை விட்டுவிடாதே: சந்தை, சேவற்சண்டை, பிரசவம், அண்டை நாட்டுச் சாம் படையோடு நடந்த நீர்ப்போர். அரசனைவிட ஊர் ஜனங்களை அதிகம் காட்டும் சுவர் அது. பன்னிரண்டு மணிக்கு அறைக்குத் திரும்பிப் படுங்கள். மூன்றரைக்கு மேல் தா புரோம். மரவேர் கோயிலைப் பற்றியிருக்கும் இடம் என்று படங்களில் பார்த்திருப்பாய். அங்கே நம் இந்தியத் தொல்லியல் துறைதான் கம்போடிய அதிகாரிகளோடு சேர்ந்து பல ஆண்டுகளாகச் சீரமைப்பு செய்கிறது. மரத்தை வெட்டினால் அதன் பிடியில் நிற்கும் கல் சரியும், விட்டால் வேர் பருத்துச் சுவரைப் பிளக்கும். இரண்டுக்கும் நடுவே முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இரும்புத் தாங்கிகளையும் நின்று பார்.

ஞாயிறு பந்தேய் ஸ்ரெய் கோயில். இதற்காகவே நீ போக வேண்டும் என்பேன். சியம் ரீப்பிலிருந்து 37 கிலோமீட்டர், டுக்-டுக்கில், அதாவது அந்த ஊர் ஆட்டோவில், ஒரு மணி நேரத்துக்கு மேல். கோயில் ஏழரைக்குத் திறக்கும், ஆகவே ஆறேகாலுக்குக் கிளம்புங்கள். டுக்-டுக்கில் போனால் காலைக் குளிரும் புழுதியும் முகத்தில் அடிக்கும். முகக்கவசமும் ஒரு மேற்சட்டையும் வேண்டும். கோயில் கிழக்கு பார்த்தது, இளஞ்சிவப்பு மணற்கல், எட்டு மணி வெயிலில்தான் அதன் நிறம் எழும். பத்துக்குள் சுற்றுலாப் பஸ்கள் வந்துவிடும். 967-இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில், மன்னன் கட்டியதல்ல. யக்ஞவராகர் என்ற அரசகுரு கட்டியது. தெற்கு நூலகத்து முகப்பில் ராவணன் கயிலையைத் தூக்குகிறான். கிழக்கு வாயில் முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலடிப் பக்கம் வற்றிய மார்போடு ஒரு பெண் உருவம். அதைக் காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் இனம் கண்டிருக்கிறார்கள். காரைக்காலிலிருந்து இவ்வளவு தூரத்தில், பத்தாம் நூற்றாண்டில்! உள்சுற்றில் கயிறு கட்டியிருப்பதால் கிட்டே போக முடியாது. சிறிய பைனாகுலர் ஒன்று நால்வருக்கும் போதும்.

திரும்பும் வழியில் கண்ணிவெடி அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு மணி நேரம் ஒதுக்கு. பிறகு மதியத்துக்கு மேல் புனோம் பென் வண்டி. டுக்-டுக் கணக்கு: அங்கோர் சுற்று ஒரு நாளுக்கு 15 முதல் 20 டாலர், பந்தேய் ஸ்ரெய்க்கு அதற்கு மேல் கேட்பார்கள். நான்கு பேர் ஏறலாம், ஆனால் தூரப் பயணத்துக்கு நெருக்கடி. ஞாயிறு மட்டும் கார் பேசிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பி எங்கெங்கே நிற்பது என்பதை முதல் நாளே பேசி முடிவு செய். கிழிந்த டாலர் நோட்டை, ஓரத்தில் சின்னக் கிழிசல் இருந்தாலும், யாரும் வாங்க மாட்டார்கள். ஏடிஎம் 100 டாலர் நோட்டாகத் தள்ளினால் வங்கிக்குள் போய் அங்கேயே சில்லறை மாற்று.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம். குரங்குக்குத் தீனி காட்டாதீர்கள். கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி அன்றைக்கே ரேபீஸ் ஊசி போட வேண்டும், பயணம் அதோடு முடிந்தது.

டுக்-டுக்காரர் யாராவது அநாதை இல்லம் காட்டுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். பார்வையாளர் தரும் காசுதான் அவர்களை வீட்டிலிருந்து இழுத்து வருகிறது. தெருவில் யாராவது கைக்குழந்தைக்குப் பால்பவுடர் வாங்கிக் கொடு என்று கேட்டால், நீ வாங்கிய டப்பா கடைக்கே திரும்பிப் போவதுண்டு. கோயில் வாசலில் அஞ்சலட்டை விற்கும் பிள்ளையிடமும் வாங்காதே. நாள் முழுக்க விற்பனை நடந்தால் எந்த வீட்டிலும் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். வகுப்பில் பிள்ளைகளோடு உட்காரும் உனக்கு இது புரியும், உன் நண்பர்களுக்கும் எடுத்துச் சொல்.

அந்த நண்பர்களில் ஒருவர் வியட்நாமில் இருக்கும் சைகோன் போகலாம் என்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதற்கு முன் எல்லோரும் விசாவைப் பாருங்கள். வேலைக்கு வருவோர் எடுக்கும் இ வகை விசாவில் ஒரு மாத, மூன்று மாத நீட்டிப்பு ஒரே நுழைவுக்குத்தான். நாட்டை விட்டு வெளியேறினால் மீதி நாட்கள் போய்விடும், திரும்பப் புது விசா. ஆறு மாதம், ஒரு வருடம் என்றால் போய் வரலாம். தாய்லாந்துப் பக்கத் தரைவழியை 2025-இல் எல்லைத் தகராறில் மூடினார்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கிளம்பும் தேதி முடிவானதும் எழுது. பந்தேய் ஸ்ரெயில் அம்மையார் முகம் எந்த அளவுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று வந்ததும் எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய தோழன்