மகளுக்கு: அந்தக் கடனை வாங்கிக்கொள்

ஸ்வான்சீ
அக்டோபர் 2025

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி ஃபோனில், "அப்பா, படிப்புக்கான அரசாங்கக் கடனை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடட்டுமா? மானியம் மட்டும் போதும், மீதிக்கு நான் வேலை பார்த்துக்கிறேன்" என்று கேட்டாய். அம்மா நைட் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. ஃபோனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையதுதான். நான் பாலிடெக்னிக் சேர்ந்தபோது தாத்தா திண்டுக்கல்லில் பாட்டியின் சங்கிலியை அடகு வைத்ததையும், வட்டி கட்ட முடியாமல் அது மூழ்கிப்போனதையும் சாப்பாட்டு மேஜையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? கடன் என்றாலே உனக்கு அந்தச் சங்கிலிதான் ஞாபகம் வரும். ஆனால் இது வேறு மாதிரியான கடன்.

உனக்கு வந்த கடிதத்தை எடுத்துப் பார். இந்த வருடம் வீட்டை விட்டு வெளியே தங்கிப் படிக்கிற வேல்ஸ் மாணவருக்கு, லண்டன் தவிர்த்து, வாழ்க்கைச் செலவுக்கு 12,345 பவுண்டு. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் உனக்கும் அதே தொகைதான், பிரிப்பில்தான் வித்தியாசம். வீட்டு வருமானம் 18,370 பவுண்டுக்குள் இருந்தால் அதில் 8,100 மானியம், திருப்பித் தர வேண்டாம். 59,200க்கு மேல் போனாலும் ஆயிரம் மானியம் உண்டு. அம்மா சம்பளமும் என் பகுதி நேரச் சம்பளமும் சேர்ந்து 35,000 என்பதால் உனக்கு மானியம் 5,208, மீதி 7,137 கடன். கல்லூரிக் கட்டணம் 9,535 தனிக்கடன். அது உன் கைக்கே வராமல் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும்.

இங்கிலாந்தில், பிரிஸ்டலில் இருக்கிற சித்தப்பாவின் மகன் படிக்கிறானே, அவனுக்கு இந்த மானியமே கிடையாது. இங்கிலாந்தில் 2016லேயே அதை எடுத்துவிட்டார்கள். இங்கே அதே வருடம் வேல்ஸ் அரசு அமைத்த, இயன் டயமண்ட் தலைமையிலான குழு, பிள்ளைகளை நெருக்குவது கட்டணத்தைவிடச் சாப்பாடும் வாடகையும்தான் என்று அறிக்கை கொடுத்தது. 2018லிருந்து இந்த முறை வந்தது. செவெர்ன் பாலத்துக்கு இந்தப் பக்கம், வேல்ஸில், வீடு பார்த்தது அம்மாவின் யோசனை என்பதை அவள் இப்போது தினமும் நினைவுபடுத்துகிறாள்.

சரி, திருப்பிக் கட்டுவதற்கு வருகிறேன். இப்போதைய கணக்கில் உன் சம்பளம் வருடத்துக்கு 28,470 பவுண்டைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள். அதுவும் தாண்டிய தொகையில் மட்டும் 9 சதவீதம். 30,000 சம்பளம் என்று வைத்துக்கொள். தாண்டியது 1,530. அதில் 9 சதவீதம் வருடத்துக்கு 138 பவுண்டு, மாதத்துக்கு 11 பவுண்டு சொச்சம். வேலை போனால் பிடித்தம் நின்றுவிடும். வீட்டு வாசலில் வந்து யாரும் நிற்க மாட்டார்கள். முப்பது வருடத்தில் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் தள்ளுபடி. முதல் தவணை கட்டியதும் வாழ்க்கைச் செலவுக் கடனில் 1,500 பவுண்டு வரை கழித்தும் விடுவார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வட்டி நீ படிக்கும்போதே ஏற ஆரம்பித்துவிடும். இரண்டு வருடம் கழித்து மொத்தத் தொகையைப் பார்த்தால் வயிறு கலங்கும். அதைப் பார்க்காதே. சம்பளச் சீட்டில் என்ன பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் பார்.

வேலை பார்க்காதே என்று சொல்லவில்லை. ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையில் வாரத்துக்கு நாலு நாள், ராத்திரி பதினொன்று வரை என்றாயே, அதைச் சனிக்கிழமையோடு நிறுத்திக்கொள். போன மாதம் வந்தபோது உன் முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பைப் பார்த்தேன். சுவெட்டரை இழுத்து மூடினாய். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். காலை ஒன்பது மணி லெக்சருக்கு நீ எப்படிப் போகிறாய் என்று அம்மா கேட்கிறாள்.

அப்புறம், வெல்ஷில் ஒன்றிரண்டு பாடம் எடுத்தால் வெல்ஷ் வழி உயர்கல்விக்கான கோலெக் கம்ரைக் அமைப்பு உதவித்தொகை தருமாமே, துறையில் கேட்டுப் பார். பள்ளியில் அந்த மொழியில் பரிசு வாங்கியவள் நீ. எனக்கு இன்னும் பஸ் டிரைவரிடம் நன்றிக்கு "தியோல்க்" சொல்லவே நாக்கு புரளவில்லை.

தீபாவளிக்கு அபெரிஸ்ட்வித்திலிருந்து ரயிலில் வராதே. அது ஷ்ரூஸ்பரி வரை போய் இங்கிலாந்தைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் கொண்டுவந்து விடும். டி1 பஸ்ஸில் கார்மார்தன் வரை வா, நான் காரோடு நிற்கிறேன்.

மானியத்துக்கும் கடனுக்குமான இந்த விண்ணப்பத்தை வருடா வருடம் போட வேண்டும். இந்தத் தடவை நான் வேறு வருடத்து பி60ஐ, அதாவது வருடாந்தரச் சம்பள-வரிச் சான்றை, அனுப்பிவைத்ததால்தான் உனக்கு வர வேண்டிய முதல் தவணைப் பணம் தள்ளிப்போனது. அடுத்ததற்கு 2024–25 வருடத்துடையது வேண்டும். எங்கள் இரண்டு பேருடையதையும் எடுத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அப்பா