சாக்கடையில் ஊற்றச் சொல்லலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் டீப் யூடெக்டிக் கரைப்பான்களை, அதாவது தனித்தனியே உருகுவதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே உருகித் திரவமாகும் கலவைகளைப் பற்றிய கட்டுரையை ஆவலோடுதான் படிக்கத் தொடங்கினேன். “கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடும் வயலுக்குப் போடும் யூரியாவும்தானே, வேலை முடிந்ததும் சாக்கடையில் ஊற்றிவிடலாம்” என்ற வரி வந்ததும் மனம் கசந்துவிட்டது. உங்கள் இதழில் படித்ததை மாணவர்கள் புராஜெக்ட் வேலையில் அப்படியே செய்து பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

உரக்கடையில் 45 கிலோ மூட்டையில் வருவது வேப்பெண்ணெய் பூசிய யூரியா. மானிய உரத்தை வேறு வேலைக்கு எடுப்பதே சட்டப்படி தவறு. தீவனத்துக்கு விற்கும் கோலின் குளோரைடுத் தூளில் பெரும்பாலும் 60 சதவீதம்தான் சரக்கு. மீதி மக்காச்சோளத் தக்கைத் தூள். இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் கலங்கிய கூழ்தான் கிடைக்கும். தெளியவில்லையே என்று சூட்டைக் கூட்டுவார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முறையாகச் செய்வதென்றால் ஆய்வகத் தரத்தில் கோலின் குளோரைடு 139.6 கிராம், யூரியா 120.1 கிராம் எடுக்க வேண்டும். மோல் கணக்கில், அதாவது மூலக்கூறு எண்ணிக்கையில், ஒன்றுக்கு இரண்டு. கோலின் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும் என்பதால் முதல் நாளே வெற்றிட அடுப்பில் உலர்த்தி, எடை போடும்போது மூடி வைக்க வேண்டும். 70 டிகிரி வாட்டர் பாத்தில் கலக்கிக்கொண்டே இருந்தால் கண்ணாடிபோலத் தெளியும். தனியாக 302 டிகிரியில் உருகும் கோலின் குளோரைடும் 133 டிகிரியில் உருகும் யூரியாவும் சேர்ந்தபின் 12 டிகிரியிலேயே உருகிவிடுகின்றன என்று 2003-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஆபட் குழுவினர் வெளியிட்டது பெரிய கண்டுபிடிப்பு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 80 டிகிரியைத் தாண்டவிட்டால் யூரியா சிதைந்து அம்மோனியா கிளம்பும். நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளைக் குடுவையின் வாயருகே பிடித்தால் நீலமாகும். “வாசனையோ ஆவியோ கிடையாது” என்று எழுதியவர் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்த்திருக்கலாம்.

இப்போது சாக்கடைக்கு வருகிறேன். ஒரு கிலோ கரைப்பானில் யூரியாவிலிருந்து 216 கிராம், கோலினிலிருந்து 54 கிராம், ஆக 270 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீரில் கெல்டால் நைட்ரஜன் (அம்மோனியாவிலும் கரிமப் பொருள்களிலும் உள்ள நைட்ரஜன்) லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. கணக்குப் போட்டால், அந்த ஒரு கிலோவுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் கலந்தால்தான் வரம்புக்குள் வரும். காற்றில்லாத சாக்கடைச் சேற்றில் பாக்டீரியாக்கள் கோலினை ட்ரைமெத்தில் அமீனாக்கும். தெருவே மீன் கவிச்சை அடிக்கும். மட்கிப்போகும் பொருள் என்பது உண்மைதான். மட்கும்போது நீரின் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதும், மீன் செத்து மிதப்பது அதனால்தான் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

யூரியாவுக்குப் பதில் எத்திலீன் கிளைகால் சேர்க்கும் வகையைக் கட்டுரை ஒரே வரியில் “இதுவும் பாதுகாப்பானது” என்று முடித்துவிட்டது. எத்திலீன் கிளைகால் இனிக்கும். குழந்தையும் நாயும் குடித்துவிடும். உடலில் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகமாகத் தங்கும். பழைய லித்தியம் பேட்டரியிலிருந்து கோபால்ட்டை எடுக்க இதே கலவையை 180 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் அது சிதைந்து ட்ரைமெத்தில் அமீனும் 2-குளோரோ எத்தனாலும் உண்டாவதை பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள். 2-குளோரோ எத்தனால் தோல் வழியாகவே உடலுக்குள் போகும் கடும் நஞ்சு. கோபால்ட் கரைந்த பிறகு அந்தத் திரவம் அபாயக் கழிவு. சேர்ந்த பொருள்கள் ஒவ்வொன்றும் சாது என்பதால் கலவையும் சாது என்று சொல்ல முடியாது. 2013-இல் உப்புநீர் இறால் குஞ்சுகளில் சோதித்தபோது கலவையின் நச்சு அதன் தனிப் பொருள்களைவிடக் கூடுதலாகவே இருந்தது.

இது முதல் முறை என்றால் எழுதியிருக்க மாட்டேன். அயனித் திரவங்களை, அதாவது குறைந்த சூட்டிலேயே திரவமாக இருக்கும் உப்புகளைப் பற்றி எழுதியபோதும் “பசுமை” என்ற சொல்லைத்தான் தலைப்பில் போட்டீர்கள். அவற்றில் ஹெக்சாஃப்ளூரோ பாஸ்பேட் உள்ளவை தண்ணீர் பட்டுச் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்ற நச்சு வாயுவைக் கொடுக்கும் என்பது 2003-லேயே அச்சில் வந்த செய்தி. உங்கள் பக்கத்தில் வரவில்லை. மட்கும் பிளாஸ்டிக் பைக் கட்டுரையிலும் எந்தச் சூட்டில், எத்தனை நாளில் மட்கும் என்று ஒரு சொல் இல்லை. செய்முறை எழுதுகிறவர் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, புகையை உறிஞ்சும் கூண்டு, கழிவு கேன் இந்த நான்கையும் சேர்த்து எழுதுவது அவ்வளவு பாரமா? தமிழில் அறிவியல் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலப் பாதுகாப்புத் தாள் கைக்கு எட்டாது. உங்கள் பக்கம்தான் அவனுக்குப் பாதுகாப்புத் தாள். அதை இவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

கேட்பது இவ்வளவுதான்: அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி போடுங்கள். “சாக்கடையில் ஊற்றக் கூடாது, பெயர் எழுதி ஒட்டிய கேனில் சேர்த்து ஆய்வகக் கழிவோடு கொடுக்க வேண்டும். 80 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது.”

இப்படிக்கு,
கல்லூரி வேதியியல் ஆய்வகப் பொறுப்பாளர்,
நாமக்கல்.