250 ஓம் ஹெட்போனும் நம் நாதஸ்வர கேசட்டுகளும்

கோயம்புத்தூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடு. எங்கள் பெரியம்மா விஷயத்தில் அதில்தான் கோட்டை விட்டோம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. போய் வீடு பார்த்து, பால் காய்ச்சி, குடிவைத்துவிட்டு வந்தோம். அதனால்தான் பதில் தாமதம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுப் பணத்தில் உனக்கென்று செய்த முதல் செலவாக பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ ஹெட்போன் வாங்கினாய் என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வரியிலேயே, 'லேப்டாப்பில் செருகினால் சத்தம் பத்தவில்லை, ஏமாந்துவிட்டேனோ' என்று கேட்டிருக்கிறாய். ஏமாறவில்லை. நல்ல பொருளைத்தான் வாங்கியிருக்கிறாய். அதற்கு வோல்ட்டேஜ் பத்தவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும்: 250 ஓம், 96 டெசிபல். ஓம் என்பது இம்பீடன்ஸ், மின்சாரத்துக்குக் காட்டும் தடை. அந்த வார்த்தையை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவனே நீதான். 'டெலிபோன் லைனுக்கு 600 ஓம்' என்று எக்ஸ்சேஞ்ச் வாசலில் டீ குடித்துக்கொண்டே சொன்னாய். இதுவும் அதே கணக்குதான். 1 மில்லிவாட் கொடுத்தால் இந்த ஹெட்போன் 96 டெசிபல் சத்தம் தரும். 250 ஓமில் 1 மில்லிவாட் என்றால் அரை வோல்ட். வோல்ட் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் கூடும். ஆக, 1 வோல்ட்டுக்கு 102, 2 வோல்ட்டுக்கு 108.

அரை வோல்ட்டுக்கே 96 என்றால் லேப்டாப்பே போதுமே என்று உனக்குத் தோன்றும். புதிய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுப் பார், போதுமானதாகத்தான் இருக்கும். இப்போது வருவதையெல்லாம் உச்சி வரை ஏற்றித்தான் பதிவு செய்கிறார்கள். ஆனால் நீ கேட்பது நம் கேசட்டுகளை. கோயில் திருவிழாவில் நாம் மைக்கை மூங்கிலில் கட்டிப் பதிவு செய்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? தவில் அடி விழுந்தால் முள் சிவப்புக்கு ஓடிவிடுகிறதே என்று நீதான் ரெக்கார்டிங் லெவலை இறக்கி வைத்தாய். செய்தது சரிதான். ஆனால் அதன் பலனை இன்றைக்கு அனுபவிக்கிறாய். தவிலின் உச்சமே பதிவில் 12 டெசிபல் கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள். நாதஸ்வரத்தின் மெல்லிய ஆலாபனை அதற்கும் 25 டெசிபல் கீழே. 96இலிருந்து இரண்டையும் கழித்தால் மிச்சம் 59. நாம் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசும் சத்தம். அதற்கு மேலே உன் சீலிங் ஃபேன் வேறு ஓடுகிறது. உன் ஹெட்போன் பின்பக்கம் திறந்த வகை. ஃபேன் சத்தம் அப்படியே உள்ளே வந்துவிடும். உள்ளே இருப்பதும் வெளியே போகும் என்பதால், அம்மா தூங்கும் அறையில் உட்கார்ந்து கேட்காதே.

பைசா செலவில்லாமல் பாதி சரி செய்யலாம். கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றிய கோப்புகளை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஆம்ப்ளிஃபை கொடுத்து, அந்த 12 டெசிபலை மீட்டுக்கொள். டேப்பின் இரைச்சலும் கூடவே ஏறும். ஆனால் அது ஏற்கெனவே இருப்பதுதான், புதிதாக எதுவும் சேராது. மிச்சத்துக்குத்தான் ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

எவ்வளவு பெரிய ஆம்ப்? விளம்பரத்தில் '2000 மில்லிவாட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மலைக்காதே. அது பெரும்பாலும் 32 ஓமுக்குச் சொல்லும் கணக்கு. வோல்ட்டில் பார்த்தால் 8தான். உன் ஹெட்போனில் 110 டெசிபல் உச்சம் வர 2.5 வோல்ட், அதாவது 25 மில்லிவாட் போதும். தாழ்ந்த பதிவுகளுக்காக அதைப் போல இரண்டு மடங்கு வைத்துக்கொண்டால் 5 வோல்ட், 100 மில்லிவாட். ஆகவே விவரப் பட்டியலில் 300 ஓமுக்கு என்ன எண் தந்திருக்கிறார்கள் என்று தேடு. அங்கே 100 மில்லிவாட்டுக்குக் குறையாமல் இருந்தால் உனக்குப் போதும். இன்னொரு எண், ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ். அது ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. உன்னுடைய 250க்கு இது கவலையே இல்லை. பையன் தன் 16 ஓம் இயர்போனைச் செருகுவான் என்பதால் 2 ஓமுக்குக் கீழே இருப்பதாகப் பார்த்து வாங்கு.

இதில் எனக்கு வழிகாட்டியவர் ஒருவர் உண்டு. பெயர் தெரியாத ஓர் எஞ்சினியர். என்டபிள்யூஏவிகை (NwAvGuy) என்ற புனைபெயரில் எழுதினார். 2011இல் ஓ2 என்று ஒரு ஹெட்போன் ஆம்ப்பை வடிவமைத்து, வரைபடம், அளவீடு எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து கொடுத்தார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி. விலைக்கும் ஒலிக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டியதில்லை, அளந்து பார் என்பதுதான் அவருடைய கட்சி. 2012இல் திடீரென்று எழுதுவதை நிறுத்தினார், திரும்பி வரவேயில்லை. அவர் யார் என்று இன்றுவரை வெளியே வரவில்லை. அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

டாக் (DAC) பற்றி நீ ஒரு பக்கம் கேட்டிருக்கிறாய். நான் நாலு வரியில் முடிக்கிறேன். எண்களை மின் அலையாக மாற்றும் அந்த வேலை என்றைக்கோ தேறிவிட்டது. சிடி வந்தது 1982இல். அதன் 16 பிட்டுக்குள் 96 டெசிபல் அடங்கும். நம் கேசட்டில் அதன் பாதியைவிடச் சற்று அதிகம் இருந்தால் பெரிது. எந்தச் சிப் உசத்தி என்ற சண்டையில் தலையைக் கொடுக்காதே. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் இருந்த, டாக் சிப் செய்யும் ஏகேஎம் ஆலை தீப்பிடித்து, அந்தக் கம்பெனியின் சிப் கிடைக்காமல் போயிற்று. ஃபியோ கம்பெனி தன் கே5 ப்ரோ பெட்டியில் அதற்குப் பதிலாக இஎஸ்எஸ் கம்பெனியின் சிப்பை வைத்து விற்பனையைத் தொடர்ந்தது. சிப் மாறியும் பெட்டி அதே வேலையைத்தான் செய்தது.

அதனால் டாக்கும் ஆம்ப்பும் சேர்ந்த ஒரே பெட்டியாக வாங்கு. தனித்தனியாக அடுக்கினால் மேஜையில் இடமும் போகும், கேபிளும் கூடும். பின்பக்கம் யுஎஸ்பி, ஆப்டிகல் இரண்டும் இருக்க வேண்டும். ஆப்டிகல் ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. என் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து ஆசையாக ஓர் ஆம்ப் வாங்கி வந்தார். அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. பின் மட்டும் மாற்றும் பிளக்கைப் போட்டு நான் சுவரில் செருகினேன். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை, வார்னிஷ் கருகும் வாசனை. கையை வைத்தால் அடாப்டர் தோசைக்கல் மாதிரி கொதித்தது. அதற்குள் இருந்தது பழைய மாடல் டிரான்ஸ்ஃபார்மர், 230ஐத் தாங்கவில்லை. பெட்டி பிழைத்தது பெரிய அதிர்ஷ்டம். மாற்று அடாப்டர் தேடினால் கடைகளில் கிடைப்பதெல்லாம் டிசி. இதற்கு வேண்டியது ஏசி 15 வோல்ட். கடைசியில் இங்கே மோட்டார் வைண்டிங் கடையில் சொல்லி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி வாங்கினேன். அடாப்டரின் முதுகில் 100–240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கரண்டில் போடு.

இனி இணைப்பு. லேப்டாப்பிலிருந்து பெட்டிக்கு யுஎஸ்பி கேபிள் ஒன்று போதும். விண்டோஸ் 10க்கு 2017இல் வந்த அப்டேட்டிலிருந்து டிரைவர் உள்ளேயே இருக்கிறது. சவுண்ட் செட்டிங்கில் புதிய பெட்டியைத் தேர்ந்தெடுத்து, லேப்டாப் வால்யூமை 100இல் விட்டுவிட்டு, பெட்டியின் குமிழால் மட்டும் கூட்டிக் குறை. எவ்வளவு மடங்கு பெருக்க வேண்டும் என்று வைக்கும் கெயின் ஸ்விட்சை முதலில் குறைந்த நிலையில் வை. குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஹெட்போனைச் செருக வேண்டும். உன் ஹெட்போன் முனையில் திருகிப் போடும் தடித்த பிளக் ஒன்று கூடவே வந்திருக்கும். கையில் எடுத்ததும் உனக்கு அடையாளம் தெரியும். அந்த கால் அங்குல பிளக் பிறந்ததே 19ஆம் நூற்றாண்டு டெலிபோன் சுவிட்ச்போர்டுக்காகத்தான். டிரங்க் போர்டில் நீ கயிறு கயிறாக இழுத்துச் செருகியதெல்லாம் அதே குடும்பம்.

போட்டதும் 'உம்ம்' என்று ஓர் ஹம் வரலாம், அல்லது மவுஸை நகர்த்தும்போது 'கிர்ர்' என்று கூடவே கேட்கலாம். உடனே பெட்டியைக் குறை சொல்லாதே. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பார். சத்தம் நின்றால் அது எர்த் வழியாக வருவது. இரண்டு இடத்தில் எர்த் பட்டு நடுவில் ஒரு வளையம் உண்டாகிறது. எல்லா பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால்தான் ஆப்டிகல். அதில் போவது வெளிச்சம், உலோகத் தொடர்பே கிடையாது, வளையம் அறுந்துவிடும். எலக்ட்ரீஷியன் யாராவது 'எர்த் பின்னை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்று சொன்னால் சம்மதிக்காதே. எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இருந்த உனக்கு நான் எர்த்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் நீ இல்லாத நேரத்தில் யாராவது கை வைப்பார்கள், அதனால் சொல்கிறேன்.

டிவியிலிருந்தும் அதே ஆப்டிகல் வழியாக எடுக்கலாம். டிவி மெனுவில் டிஜிட்டல் ஆடியோவை பிசிஎம் என்று மாற்று. டால்பி என்று விட்டுவிட்டால் சத்தமே வராது, பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வாய்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் முக்கியமானது. இந்த ஹெட்போன் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கூர்மையான மேல் ஒலிகளில், கொஞ்சம் தூக்கலாக ஒலிக்கும். நம் பதிவில் தாளம் போடுகிறவர் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்றார். அந்த வெண்கலச் சத்தம் காதைக் குத்தும். ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் அந்த இடத்தை 4 டெசிபல் இறக்கிவிடு. பாட்டு ஓட்டும் மென்பொருளில் 'எக்ஸ்குளூசிவ்' என்று ஏதாவது போட்டிருந்தால் இந்த மாற்றம் வேலை செய்யாது, அதை எடுத்துவிடு. ஆலாபனைக்காக வால்யூமை ஏற்றியிருக்கும்போது தவில் உள்ளே வந்தால் 25 டெசிபல் எகிறும் என்பதையும் மறக்காதே. ஆலாபனை 80 என்றால் தவில் 105. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அறுபது வயசுக் காதுகள் நம்முடையவை. தனி ஆவர்த்தனம் வரும் இடத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, கை குமிழ் மேலேயே இருக்கட்டும்.

தை பிறந்ததும் இரண்டு நாள் அங்கே வருவதாக இருக்கிறேன். அதற்குள் பெட்டியை வாங்கிவிடு, இணைப்பதை இரண்டு பேருமாகச் செய்யலாம். டிவிக்கும் உன் மேஜைக்கும் எத்தனை மீட்டர் என்று சுவரை ஒட்டி அளந்து எழுது. ஆப்டிகல் கேபிளை நான் இங்கிருந்தே வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
மூர்த்தி