ரசீது தருகிறார்களா என்று கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நூறு நாள் வேலை கிராமத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டது என்ற கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். டர்பனில் உட்கார்ந்திருப்பவளுக்கு விழுப்புரம் பக்கத்து ஏரி வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். என் சித்தி அந்த வேலைக்குப் போகிறார். நான் இருக்கும் நாட்டிலும் அதே சாயலில் ஒரு திட்டம் நடக்கிறது. இரண்டையும் பார்க்கிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

சோம்பேறிப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசும் நாட்கள் உண்டு, மறுக்கவில்லை. ஒரே வாய்க்காலை வருஷா வருஷம் செதுக்குவதும் உண்டு. அது வேலையைத் திட்டமிடாதவர்களின் குறை. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் பெண்கள். அவர்களில் பலர், நடவுக்கும் களையெடுப்புக்கும் யாரும் கூப்பிடாத வயதுக்காரர்கள். நாற்று நட மிஷின் வந்தாயிற்று, பையன்கள் திருப்பூருக்குப் போயாயிற்று. வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் கிழவிகள் மேல் பழி போடுவது என்ன நியாயம்?

திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், வேலை கேட்டு மனு கொடுக்கும் இடத்தில் பார்க்க வேண்டும் என்பேன். பிறகு மகாத்மா காந்தி பெயர் சூட்டப்பட்ட 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டப்படி, மனு கொடுத்த 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும்: முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அப்புறம் பாதிக்குக் குறையாமல். சூட்சுமம் எங்கே என்றால், அந்தச் சட்டத்தில் வேலை கொடுத்தால் கூலி முழுக்க டெல்லி கணக்கு. கொடுக்காமல் விட்டால் படி மாநிலத்தின் கைக்காசு. யார் யோசித்தார்களோ, கெட்டிக்கார யோசனை. ஆனால் படி கேட்க வேண்டுமானால், இன்ன தேதியில் வேலை கேட்டேன் என்பதற்குச் சான்று வேண்டும். மனு வாங்குகிறவர் தேதி போட்டு ஒரு ரசீது தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. சித்தி அந்தத் துண்டுச் சீட்டை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. "வேலை வந்தா சொல்லி அனுப்புறோம், போம்மா" என்பதோடு சரி. ரசீது இல்லை என்றால் மனு இல்லை, மனு இல்லை என்றால் படி இல்லை. பேர்தான் நூறு நாள். நாடு முழுக்கச் சராசரி பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு 50 நாள் அளவுக்குத்தான் வேலை கிடைக்கிறது. பத்தில் ஒரு குடும்பம்கூட நூறை எட்டுவதில்லை.

கிடைக்கிற வேலையிலும் தொல்லை குறைவில்லை. வேலைக்கு வந்தவர்களைத் தினம் இரண்டு தடவை போட்டோ எடுத்து வருகைப் பதிவுச் செயலியில் ஏற்ற வேண்டும். டவர் கிடைக்கவில்லை என்றால் பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை மேல் நடப்பார், கீழே எல்லோரும் மண்வெட்டியோடு நிற்பார்கள். கூலி 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நாளுக்கு 336 ரூபாய். அளவு பார்த்து அதிலும் குறைப்பார்கள். கூலிக் கணக்குப் போட்டதும் பணம் கைக்கு வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2025 மார்ச்சில் டெல்லியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலிப் பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று போராட்டமே நடந்தது.

இனி நான் வாழும் நாட்டுக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் 2004இல் அரசு பொதுப்பணித் திட்டம் ஒன்றைப் பெரிய அளவில் தொடங்கியது. பிறகு அதன் கீழ் சமூக வேலைத் திட்டம் என்று ஒன்று வந்தது. இந்தியாவின் அனுபவத்தைப் பார்த்து வடிவமைத்தது அது. வாரத்துக்கு 2 நாள், வருஷத்துக்கு 100 நாள் என்பது கணக்கு. இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். கோடையில் இரண்டு மாதம் மண் வெட்டிவிட்டு மீதி மாதங்களுக்குக் கையைப் பிசைய வேண்டாம், மாதா மாதம் ஏதோ வரும். வேலையும் மண் வேலை மட்டும் இல்லை. படுக்கையில் கிடக்கும் முதியவர்களை வீட்டுக்குப் போய்க் கவனிப்பது, பள்ளிக்கூடத்தில் காய்கறித் தோட்டம் போடுவது, சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்று பலவும் உண்டு. நம் ஊர்க் கிழவிகளுக்கு இப்படி ஏதாவது கொடுத்தால் என்ன?

கூலி மட்டும் இங்கேயும் மட்டம்தான். 2025 மார்ச்சில் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது. பொதுப்பணித் திட்டக்காரர்களுக்கு 15.83.

பெரிய ஓட்டை வேறு. இங்கே வேலை யாருக்கும் உரிமை இல்லை. இத்தனை பேருக்கு இடம் என்று பட்ஜெட் சொல்லும், பட்டியல் வார்டில் தயாராகும். கட்சிக்காரர்களின் சொந்தபந்தம்தான் அதில் இருக்கிறது என்ற புகார் ஊர் ஊராகக் கேட்கும். எங்கள் தெருவில் ஒரு தமிழ் அக்கா, கணவர் இல்லாதவர். ஒரு நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். பல மாதம் கழித்துப் போய்க் கேட்டால், அந்த நோட்டு இல்லை, புது நோட்டில் மறுபடி எழுதுங்கள் என்றார்களாம். கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த அவருடைய முன்னோரை எண் போட்டு ஏட்டில் ஏற்றியது வெள்ளைக்கார அரசு. அந்த ஏடு இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இவர் பெயர் எழுதிய நோட்டு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அடைத்துக் கிடக்கும் மழைநீர்க் கால்வாய்களைப் பார்த்தால், வேலை இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நாட்டில் வேலையற்றோரும் 30 சதவீதத்துக்கு மேல்.

இதையெல்லாம் எழுதக் காரணம், 2025 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டம். நூறு 125 ஆகிறது, கேட்க இனிப்புதான். ஆனால் இனிமேல் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதம் போட வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் டெல்லி முன்கூட்டியே ஒரு தொகை ஒதுக்கும். அதற்கு மேல் போனால் மாநிலமே பார்த்துக்கொள்ள வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தியும் வைக்கலாம். சட்டத்திலிருந்து காந்தி பெயர் போனதில், அவர் 1904இல் ஃபீனிக்ஸ் குடியிருப்பை அமைத்த இந்த ஊரில் இருக்கும் எனக்கும் வருத்தம்தான். பயம் என்னவோ அந்த ஒதுக்கீட்டைப் பற்றி. பழைய சட்டத்தில் ஆள் கேட்ட பிறகு பணம் வர வேண்டும், அது எவ்வளவு நொண்டினாலும் முறை அதுதான். முதலில் பணம், அப்புறம் அதற்குத் தக்க ஆள் என்றால் என்ன ஆகும் என்பதை இங்கே நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சித்தியிடம் நாளைக்கு "கோட்டா முடிஞ்சு போச்சு" என்று சொன்னால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

தங்கள் நிருபர் அடுத்த முறை ஏதாவது ஓர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போகும்போது, ஒரு நாள் மனு கொடுக்கும் ஜன்னல் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் வேலை கேட்டார்கள், எத்தனை பேர் கையில் தேதி போட்ட ரசீது இருந்தது என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
டர்பன், தென்னாப்பிரிக்கா