வேடரையும் எழுதுங்கள்

வன்னித் தேர்தல் மாவட்டத்தின் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நெடுங்கேணியிலிருந்து எழுதுகிறேன். புதிய அரசியலமைப்பு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தமிழர் இந்த மண்ணின் பூர்வீகக் குடிகள் என்கிறீர்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. அதே மூச்சில் இலங்கையின் பழங்குடிகளான வேடரைச் சொல்லாமல் விடுகிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

கிழக்கின் கல்லோயா குடியேற்றத் திட்டம் என்றால் நமக்குத் தமிழர் மீதான 1956 கலவரம்தான் நினைவுக்கு வரும். வரத்தான் வேண்டும். ஆனால் 1949இல் அங்கே அணை கட்டும் வேலை தொடங்கியபோது அது ஆளில்லாத காடு அல்ல. வேடர்கள் வேட்டையாடி, தேன் எடுத்து, காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்து வாழ்ந்த இடம். அவர்கள் வாழ்ந்த நிலத்தின் மேல்தான் சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கம் இன்று கிடக்கிறது. தமிழரசுக் கட்சி பிறந்ததும் அதே 1949 டிசம்பரில்தான். அங்கே யாரைக் குடியேற்றுவது என்று சிங்களத் தலைவர்களும் நம்மவர்களும் வருடக்கணக்காக வாதாடினார்கள். தன் மக்களுக்காக எழுந்து பேச நம் நாடாளுமன்றத்தில் ஒரு வேடர் இருக்கவில்லை.

இந்தியாவின் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா இருந்தார். 1946 டிசம்பரில் எழுந்து, ஆதிவாசிகளுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்பிக்க முடியாது, அவர்களிடம்தான் கற்க வேண்டும் என்றார். 'ஆதிவாசி' என்ற சொல்லை விட்டுக்கொடுக்காமல் நின்றார். சட்டத்தில் 'பட்டியல் பழங்குடி' என்றுதான் வந்தது. சரி, அந்த வாதத்தில் தோற்றார். ஆனாலும் அவர் சொன்னது சபையின் ஏட்டில் இருக்கிறது.

நம் நாட்டு ஏட்டிலோ ஆட்களே குறைந்துகொண்டு போனார்கள். 1946 கணக்கெடுப்பில் வேடர் 2,361 பேர், 1953இல் 803. அத்தனை பேரும் செத்தா போனார்கள்? பலர் சிங்களவர் என்றும் தமிழர் என்றும் எழுதப்பட்டார்கள்.

என் அப்பா மலையகத்தில் பிறந்தவர். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து, பற்றைக்காடு வெட்டிக் குடியிருந்தோம். ஏட்டில் பேர் இல்லாதவர் படும் பாடு எங்கள் வீட்டுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

உங்கள் அடுத்த வரைவில் வேடரைத் தனி மக்களாக, நில உரிமையோடு எழுதுங்கள். பழங்குடி மக்களின் உரிமை பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு 2007இல் இலங்கை ஆதரவாக வாக்களித்திருக்கிறது, அதையே பிடித்துக்கொள்ளலாம். எழுதுமுன் மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரைப் பக்கம் போய் வாருங்கள். அங்கே உள்ள வேடர் நம் தமிழைத்தான் பேசுகிறார்கள், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது. தங்களை என்ன பேரில் எழுதச் சொல்கிறார்களோ, அந்தப் பேரையே எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெடுங்கேணி வாக்காளர் ஒருவர்