ஸ்பிரிங் துப்பாக்கி முன்னாலும் உதைக்கும், மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று உரிமம் கைக்கு வந்தது. விண்ணப்பம், காவல் நிலைய விசாரணை எல்லாவற்றையும் அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். சிறு தோட்டா போடும் .22 ரைஃபிள் ஒன்றுக்கு, ஐந்தாண்டு உரிமம். நாம் பேசிக்கொண்டிருந்தால் நீங்கள் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: ஆம், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் வைக்கப் போகிறேன்.

துக்ளகாபாத் துப்பாக்கி சுடும் தளத்தில் நீங்கள் பழக்கிய, சிறு துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட்டை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது என்பதும் தெரியும். ஆனால் பதக்கம் என் கணக்கில் இல்லை. எனக்கு வேண்டியது தூரம். பெரிய தோட்டாவின் விலைக்கும் உதைக்கும் பயந்து .22ஐத் தேர்ந்தேன் என்று அத்தான் சொன்னாராம், சொல்லட்டும். ஐம்பது மீட்டருக்குக் குறி சரிசெய்த .22 தோட்டா நூறு மீட்டரில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்துவிடுகிறது, சிறு காற்றுக்கும் விலகிப் போகிறது. ஆகவே பெரிய துப்பாக்கிக்காரர்கள் பல நூறு மீட்டரில் படிக்கும் பாடத்தை நான் நூறு மீட்டரிலேயே, குறைந்த செலவில் படிக்கலாம். திருகைத் திருப்பும் ஒரு சொடுக்குக்கு நூறு மீட்டரில் குறி ஒரு சென்டிமீட்டர் நகரும் ஸ்கோப்பாகப் பார்த்து வைத்திருக்கிறேன். தலையைச் சற்று அசைத்தாலும் குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகராதபடி, ஐம்பது மீட்டருக்கே பாரலாக்ஸைத் திருத்திக்கொள்ள முடிகிறது. 24 மடங்குப் பெருக்கத்தை வாங்கச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்தினார். தில்லியின் மே மாத வெயிலில் அதில் பெரிதாகத் தெரியப்போவது கானல்தான்.

இதையெல்லாம் எழுதும்போது கண்முன் நிற்பது முனிர்க்கா வீட்டு மொட்டை மாடிதான். மணல் நிரப்பிய மரப்பெட்டி, மார்கழிப் பனி, பேரலை மடித்து இழுத்தால் ஸ்பிரிங் இறுகி, காற்றின் விசையில் சுடும் அந்த ஸ்பிரிங் துப்பாக்கி, அதன் மேல் நான் பெருமையோடு பொருத்திய மலிவு ஸ்கோப். அது எந்தப் பணத்தில் வாங்கியது என்பதை இங்கே எழுத வேண்டாம், அத்தையும் படிப்பாள். பாதி இன்னும் பாக்கி என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பெல்லட் எனும் சிறு குண்டுகள் கண்ட இடத்தில் விழுந்தன. என் மூச்சையும் பிடியையும் குறை சொல்லிக்கொண்டு மூன்று நாள் சுட்டேன். மூன்றாம் நாள் மாலை உள்ளே குறுக்குக் கோடு சாய்ந்த கம்பம்போல் கிடந்தது. நீங்கள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குளிரில் விறைத்த என் விரல்களைத் தேய்த்துவிட்டு, திருப்புளியை எடுத்து அதைக் கழற்றினீர்கள். “இது முன்னாலயும் உதைக்கும்டா” என்றீர்கள். உள்ளே காற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னே போய் நிற்கும்போது துப்பாக்கி முன்பக்கமாகக் குலுங்கும், பின்னுதையை மட்டும் தாங்கும் ஸ்கோப் அதில் உடையும் என்று அப்போதுதான் விளக்கினீர்கள்.

உங்களுக்கு முதல் நாளே தெரியும், மாமா. பட்டாளத்தில் ஆயுதப் பணிமனையிலேயே காலம் கழித்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

கல்யாண மண்டபத்தில் நான் சொன்ன சொல்லைப் பத்துப் பேர் கேட்டார்கள். அதனால்தான் மன்னிப்பையும் பத்துப் பேர் படிக்கும் இடத்தில் கேட்கிறேன். அந்தச் சொல் தவறு. அதற்கு முன் நீங்கள் சொன்னதும் தவறுதான். அதை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.

ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் மவுண்ட் திருகுகளை ஒரே அளவில் முறுக்க வேண்டும். முறுக்கும் விசையின் அளவு காட்டும் திருப்புளி உங்கள் பச்சைப் பெட்டியில்தான் இருக்கிறது. கொடுத்தனுப்பினால் போதும். நீங்களே கொண்டுவந்தால் டீ போடுகிறேன். ஆனால் இந்த முறை நான் தப்பாகப் பொருத்தினால் உடனே சொல்லிவிட வேண்டும்.