பதின்மூன்று கதவுகள் அடங்கின

சத்துவாச்சாரி, வேலூர்
ஜூன் 22

அன்புள்ள ஏழுமலை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு வெயிலைச் சாக்குச் சொல்லலாம். கத்திரி முடிந்து இத்தனை நாளாகியும் வேலூர் வெயில் வேலூர் வெயிலாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மைக் காரணம் வேறு. சமையலறைக் கதவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை லட்சுமிக்குச் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நாளைக்குப் படி ஏறாதே, தங்கச்சி சொல்வதைக் கேள்.

பெரியவள் பிரசவத்துக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தேன் அல்லவா, ஏப்ரல் கடைசியில் பேரன் பிறந்தான். இருவரும் நலம். எங்கள் வீட்டில் ஏ.சி. இருப்பது சமையலறையை ஒட்டிய அறையில் மட்டும்தான். மத்தியானம் அவனைத் தூளியில் போட்டு அரை மணி ஆட்டி, அப்பாடா என்று உட்காரும்போது உள்ளேயிருந்து ஒரு 'டப்'. லட்சுமி பருப்பு டப்பாவை எடுத்துவிட்டுக் கதவைக் கைவிட்டிருப்பாள். அந்த ஆட்டோ கீல் கடைசியில் ஸ்பிரிங் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அறையுமே, அதுதான். பிள்ளை இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிடுவான். மறுபடி அரை மணி.

முதலில் கதவு மூலையில் ஒட்டுகிற சிலிக்கான் பொட்டு வாங்கி ஒட்டினேன். நாலு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் அடுப்புக்கு மேல் கதவைத் திறந்தால், பசை இளகிப் பொட்டு நத்தை மாதிரி ஒரு சாண் கீழே இறங்கி நிற்கிறது, முதுகில் ஓர் எறும்போடு. சரி, கீலையே மாற்றிவிடலாம் என்று லாங் பஜார் பக்கம் போய் சாஃப்ட் குளோஸ் கீல் வாங்கி வந்தேன். பதினாலு கதவுக்கு இருபத்தெட்டு.

ஒன்றை அறுத்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருமா? ஹேக்சா பிளேடு போட்டு அறுத்தேன். உனக்கு விளக்க வேண்டியதே இல்லை. நம் ஆபீஸ் கதவுக்கு மேல், கதவை மெல்ல மூட ஒரு குளோசர் இருந்ததே, அதைச் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சுருக்கிக் கீலுக்குள் வைத்திருக்கிறான். ஒரு குட்டி சிலிண்டர், உள்ளே பிஸ்டன், கொஞ்சம் சிலிக்கான் எண்ணெய். கதவு மூடும்போது பிஸ்டன் எண்ணெயை ஒரு சின்ன இடுக்கு வழியாகத் தள்ள வேண்டும். மெல்லத் தள்ளினால் வழிவிடும், வேகமாக அடித்தால் அவ்வளவுக்கு முறைக்கும். சிலிக்கான் எண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போல வெயிலில் சட்டென்று நீர்த்துப்போகாது. நம் ஊருக்கு ஏற்ற சரக்குதான். விரலில் ஒட்டிய அந்தச் சொட்டு சோப்புப் போட்டுக் கழுவியும் ராத்திரி வரை வழுவழுவென்றே இருந்தது.

இந்தச் சாமான்களில் பேர் போன ஆஸ்திரியா கம்பெனி ப்ளூம். 1952-இல் குதிரை வழுக்காமல் இருக்க லாடத்தில் போடும் குமிழ் செய்துதான் தொழில் தொடங்கினார்களாம். குதிரையிலிருந்து சமையலறைக்கு வந்திருக்கிறார்கள். நான் வாங்கியது அவ்வளவு பெரிய சரக்கு இல்லை, ஜோடி 280 ரூபாய். நம் கதையும் அப்படித்தானே? பெல் (BHEL) கம்பெனியில் இருந்தவரை நாம் செய்து அனுப்பிய இ.எஸ்.பி.யில், அதுதான் புகையிலிருந்து தூசியைப் பிடிக்கிற எந்திரத்தில், தூசி உதிரத் தகடுகளை ஓயாமல் அடிப்பதற்கென்றே சுத்தியல் வைத்தோம். இப்போது நான் ஒரு 'டப்'பை அடக்க உட்கார்ந்திருக்கிறேன்.

மருமகள் வீட்டுக் கதவுகளைப் பற்றி நீயும் கேட்டிருந்தாய். அதனால் என் முட்டாள்தனத்தைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். பழைய கீலில் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போ. நான் போகவில்லை. எல்லாக் கீலுக்கும் கதவில் போடுகிற வட்டக் குழி 35 மில்லிமீட்டர்தான், அப்படியே உட்கார்ந்துவிடும் என்று நினைத்தேன். குழியில் உட்கார்ந்தது. பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ இருக்கிறதே, அதன் இடைவெளி ஒரு மாடலில் 45, ஒன்றில் 48, இன்னொன்றில் 52. என் பழைய ஓட்டை 45, புதுக் கீல் 48. ஆளுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் புது ஓட்டை பழைய ஓட்டைக்குள்ளேயே சரிந்து விழும், ஸ்க்ரூ பிடிக்காது. பல் குத்தும் மூங்கில் குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் அடைத்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுநாள் பிளேடால் சமமாகச் சீவி, புதிதாக ஓட்டை போட்டேன். ஐம்பத்தாறு ஓட்டை, ஏழுமலை! குச்சி டப்பாவைத் தேடி மாப்பிள்ளை வந்தபோது காலி டப்பாவைத்தான் காட்ட முடிந்தது.

அடுத்த கூத்து கிராங்க், அதாவது கீலின் கை எவ்வளவு வளைந்திருக்கிறது என்கிற கணக்கு. ஓரத்துப் பலகையை முழுசாக மூடுகிற கதவுக்கு ஜீரோ கிராங்க். நடுப்பலகை ஒன்றை இரண்டு கதவுகள் பாதிப் பாதியாகப் பங்குபோட்டுக்கொள்ளும் இடத்தில் எட்டு கிராங்க், அதாவது கொஞ்சம் வளைந்த கை. பெட்டிக்குள்ளே அடங்கி உட்காரும் கதவுக்குப் பதினாறு. நான் இருபத்தெட்டும் ஜீரோவாக வாங்கிவிட்டேன். நடுவில் மாட்டினால் இரண்டு கதவும் ஆட்டுக்கடா மாதிரி முட்டிக்கொண்டு நின்றன. கடைக்காரர் சிரித்துக்கொண்டே நடுக் கதவுகளுக்கு எட்டு கிராங்க் கீலாக மாற்றிக் கொடுத்தார். "சார், எல்லாரும் ஒருதபா வந்து மாத்திக்கினுதான் போவாங்க" என்றார். ஆறுதல் சொன்னாரா, கிண்டல் செய்தாரா தெரியவில்லை.

மாட்டி முடித்த பிறகுதான் சுகமே. ஒவ்வொரு கீலிலும் மூன்று வழியில் திருகலாம்: கதவை இடம் வலமாக நகர்த்த ஒன்று, முன் பின்னாக ஒன்று, மேல் கீழாக ஒன்று. கால் சுற்று திருகினால் கதவு மயிரிழை நகர்கிறது. இரண்டு கதவுக்கு நடுவே உள்ள இடுக்கு மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்ததை, டார்ச் அடித்துப் பார்த்துப் பார்த்து ஒரே கோடாக ஆக்கினேன். இடுக்கு அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து அளந்த காலம் ஞாபகம் வந்தது. லட்சுமி இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டாளாம், எனக்குக் கேட்கவே இல்லை.

மசாலா டப்பா வைக்கிற சின்னக் கதவு மட்டும் ஒரு விரல் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தது. எடை போதாத கதவு, இரண்டு கீலின் டாம்பரும், அதுதான் அந்த எண்ணெய் சிலிண்டரும், சேர்ந்து தடுத்தால் ஸ்பிரிங் என்ன செய்யும்? கீலிலேயே ஒரு பொடி சுவிட்ச் இருக்கிறது. ஒரு கீலில் அதை அணைத்தேன். இப்போது சரியாக மூடுகிறது. உன் கீலிலும் அந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

சிங்க் அடியில் உள்ள கதவுதான் தோற்கடித்துவிட்டது. குழாய் கசிந்து கசிந்து, பக்கத்துத் துகள் பலகை ஊறி ரஸ்க் மாதிரி ஆகியிருக்கிறது. குச்சி, ஃபெவிகால் எதற்கும் மசியவில்லை. திருகினால் ஸ்க்ரூவோடு மாவாகக் கொட்டுகிறது. பலகையையே மாற்ற வேண்டும். பழைய கீலை, அது பிடித்துக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச இடத்திலேயே மறுபடி மாட்டிவைத்தேன்.

பிள்ளை இப்போது மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குகிறான். ஆனால் வீட்டில் ஒன்று குறைகிற மாதிரி எனக்கு இருந்தது. என்ன என்று புரியச் சில நாளானது. லட்சுமிக்குக் கோபம் வந்தால் வாயால் சொல்கிற பழக்கம் கிடையாது, உனக்குத்தான் தெரியுமே. முப்பத்தாறு வருஷமாக அலமாரிக் கதவுச் சத்தத்தை வைத்துத்தான் நான் காலம் தள்ளினேன். ஒரு 'டப்' என்றால் காய் வாங்க மறந்திருக்கிறேன். இரண்டு என்றால் அவள் அண்ணனைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறேன். இப்போது எவ்வளவு ஆத்திரத்தில் சாத்தினாலும் கதவு மகாராணி மாதிரி மெல்லப் போய் மூடிக்கொள்கிறது. போன வாரம் அவள் ஒன்றை ஓங்கித் தள்ளிவிட்டு, அது நிதானமாக நகர்ந்து மூடுகிற வரை இடுப்பில் கை வைத்து முறைத்துக்கொண்டு நின்றதைக் கூடத்திலிருந்து பார்த்தேன்.

நேற்று கார்பென்டர் வந்தார். சிங்க் பக்கத்துப் பலகைக்கு அளவெடுக்க நானே வரச் சொல்லியிருந்தேன். லட்சுமி அவருக்கு மோர் கொடுத்து, "அந்தக் கதவு அப்படியே இருக்கட்டும்ப்பா, அவசரமில்ல" என்று அனுப்பிவிட்டாள். பிள்ளை முழித்துக்கொள்வானே என்றேன். பதில் இல்லை. உள்ளே போய் பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்துவிட்டு அந்தக் கதவைச் சாத்தினாள்.

இரண்டு தரம்.

ஆடிக் கிருத்திகைக்கு முடிந்தால் வா, ரத்தினகிரிக்குச் சேர்ந்து போகலாம். உன் காலுக்கு ஆகாது என்றால் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வரலாம். வரும்போது மருமகள் வீட்டுக் கீல் ஒன்றைக் கழற்றி எடுத்து வா.

உன்,
கோவிந்தன்